மரகதம் வாங்கிய முத்து

நான் வேலை பார்த்த நகைக்கடையில் முத்தையும் கல்லையும் பரிசோதிக்க இப்போது இயந்திரம் வந்துவிட்டது. அதைக் கையாளும் இரண்டு பெண்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முத்தை உள்ளே வைத்தால் படம் எடுத்து, கடலில் தானாக விளைந்ததா, வளர்த்ததா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடுமாம்.

"ஆனா சார், சர்டிஃபிகேட்டைக் கையில குடுத்த பிறகும் கஸ்டமர்ஸ் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. இது நிக்குமான்னு. நீங்க அந்தக் காலத்துல என்ன பதில் சொல்வீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முதல் ஆறு வருஷம் தப்பான பதில் சொன்னேன்" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர்களிடம் அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் சொந்த ஊர் மாகறல். அப்பா விவசாயி. எனக்கு மண்ணில் நாட்டமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் காஞ்சிபுரத்தில் அந்தக் கடையில் எடை எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததாலோ என்னவோ, இரண்டு வருடம் கழித்து என்னை மெட்ராசுக்கு அனுப்பி, ஒரு முத்து வியாபாரியிடம் எட்டு மாதம் உட்கார வைத்தார்கள். அந்த எட்டு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கறுப்புத் துணியில் முத்தைக் கொட்டிப் பிரிப்பது, அள்ளிக் கலந்து மறுபடி கொட்டிப் பிரிப்பது. கண் பழகியது. திரும்பி வந்தபோது அறுபதுகளின் தொடக்கம். முத்துப் பெட்டியின் சாவி என் இடுப்புக்கு வந்தது.

முத்தைப் பார்க்கும் முறை ஒன்றும் மந்திரம் இல்லை. முதலில் தொடுவது. நல்ல முத்து எடுத்தவுடன் சில்லென்று இருக்கும். உள்ளங்கையில் வைத்திருந்தால் மெல்லத்தான் சூடேறும். அடுத்தது பல். முன்பல்லின் ஓரத்தில் லேசாக உரசினால் நறநறவென்று மணல் போலத் தெரிய வேண்டும். கண்ணாடி மணிமேல் பூச்சுப் பூசிய போலி வழுக்கிக்கொண்டு போகும். பிறகு கண்ணாடித் தட்டில் உருட்டுவேன். நல்ல வட்டமென்றால் நேராக ஓடும். பிறகு ஜன்னல் வெளிச்சம். முத்தின் மேல் ஜன்னல் கம்பிகள் எண்ணும்படி தெரிந்தால் தோல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகத் துளை. லென்ஸை வைத்துத் துளையின் வாயைப் பார்த்தால், வளர்ப்பு முத்தில் ஒரு மெல்லிய கோடு வட்டமாகத் தெரியும். கோட்டுக்கு உள்ளே இருப்பது மனிதன் சிப்பிக்குள் வைத்த மணி. வெளியே இருப்பது அதன்மேல் படிந்த தோல். தானாக விளைந்த முத்தில் கோடு இருக்காது. நடு மையம் வரை தோலின்மேல் தோல்தான்.

இத்தனையும் முத்தைப் பற்றிய சோதனைகள். நான் இதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

கடையை நடத்தியவர் சரோஜா அம்மாள். நிறுவியவரின் மகள். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட, அண்ணன்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, கணவரை இழந்து வந்திருந்த இவர் கல்லாவில் உட்கார்ந்தார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். நகை விற்பவர் ஒரு பொட்டுத் தங்கம் போட்டுக்கொள்ள மாட்டார். கையில் ஒரு கடிகாரம் மட்டும். மெத்தை போட்ட இருக்கையை வாங்க வருபவர்களுக்கு விட்டுவிட்டு மர ஸ்டூலில் உட்காருவார். லென்ஸ் வைக்கும்போது எல்லோரும் ஒரு கண்ணை மூடுவோம். அவர் இரண்டையும் திறந்தே வைத்திருப்பார். ஒரு கண் கல்லைப் பார்க்கும், மற்றது எதிரே இருப்பவரைப் பார்க்கும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

எதிராளி குரலை உயர்த்த உயர்த்த இவர் குரல் தணிந்துகொண்டே போகும். கடைசியில் சத்தம் போட்டவர் இவர் சொல்வதைக் கேட்பதற்காகவே வாயை மூட வேண்டி வரும். வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். யோசிக்கும்போது "உண்டு, உண்டு" என்பார். தெலுங்கில் அதற்குப் பொறு என்று அர்த்தம். வந்தவர்கள் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டு, கேட்ட நகை இருக்கிறது போலிருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

யாரையும் அவர் பாராட்டிக் கேட்டதில்லை. திட்டியும் கேட்டதில்லை. தவறு நடந்தால், "நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்பார். வாடிக்கையாளரிடம் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். திட்டு வாங்குவது அதைவிடச் சுலபம்.

ஓர் ஆடி மாதம், கடை காலியாக இருந்த முற்பகலில் மரகதம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பிள்ளையார்பாளையம் பக்கத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவள். அதை அவள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை அரக்கு நிறமாக இருந்தன, நகக்கண்ணில் மட்டும் பச்சை.

"முத்து ஒண்ணு வேணும்பா. மோதிரத்துல வெச்சிக் குடுக்கணும்."

"ஜோசியர் போடச் சொன்னாராம்மா?"

"ஜோசியரு இன்னாத்துக்கு? எனக்கே வேணும்."

சாயப் பட்டறையில் பத்து வருடம் உழைத்து அவள் நாலு முறை தங்கம் வாங்கியிருக்கிறாள். நாலும் வீட்டில் தங்கவில்லை. கணவர் கன்னியப்பன் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. தறியை விட்டுவிட்டு அவ்வப்போது புதிதாக ஒரு தொழில் தொடங்குவார், அவ்வளவுதான். வாடகை சைக்கிள் கடை. சோடாக் கம்பெனி. கோழிப் பண்ணை. ஒவ்வொன்றுக்கும் அவள் நகை அடகுக் கடைக்குப் போயிற்று, ஒன்றும் திரும்பவில்லை.

"கேக்கறப்போ இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலபா. அவ்ளோ ஆசையா கேக்கறாரு. முத்தை சேட்டு எடுக்க மாட்டான்னு சொல்றாங்களே, நெசமா?"

"நிஜம்தாம்மா. அடகுக் கடையில தங்கத்தைத்தான் பார்ப்பாங்க. கல்லு, முத்தையெல்லாம் கழிச்சிட்டுத்தான் எடை போடுவாங்க."

"அப்போ முத்துதான் எனக்குச் சரி. மோதிரத்தையும் வெள்ளியிலயே கட்டிக் குடு."

பெட்டியில் தூத்துக்குடி முத்துகள் கொஞ்சம் இருந்தன. பட்டாணியைவிடச் சற்றுச் சிறியதாக ஒன்றை எடுத்தேன். பால் வெள்ளை. ஒரு பக்கம் மயிரிழை சப்பை. அதனால் விலை கொஞ்சம் குறைவு. ஆனாலும் அவளுக்கு அது பெரிய விலைதான். மெட்ராஸ் வியாபாரியிடம் நானே பொறுக்கி வாங்கியது. மோதிரத்துக்காகப் பாதி வரை துளையிட்டே வந்திருந்தது. துளையில் கோடு இல்லை. பல்லில் நறநறத்தது. எடை மட்டும் அந்த அளவுக்குச் சற்றுக் கூடுதல் என்று தோன்றியது. வளர்ப்பு முத்து அப்படித்தான் எடை கூடும். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தராசு அன்று கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதுதான் காரணம் என்று விட்டுவிட்டேன். சரோஜா அம்மாளிடம் சொல்லவில்லை.

அவள் முத்தை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க கையில படறது எல்லாத்துலயும் நெறம் ஏறிடுது. இது நிக்குமாபா?"

"மூணு தலைமுறைக்கு நிக்கும்மா" என்றேன். முத்து வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் அதுதான்.

ஆறு மாதம் கழித்து, தை மாதத்தில் அவள் திரும்பி வந்தாள். கல்யாணப் பருவம். ஏனாத்தூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் பத்துப் பேர் உட்கார்ந்து நெக்லஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பை விடும்போதே மரகதம் பேசிக்கொண்டுதான் வந்தாள்.

"எங்க அந்த ஆளு? மூணு தலைமுறைன்னு சொன்னியே, மூணு மாசங்கூட ஒழுங்கா நிக்கலபா!"

மோதிரத்தைக் கழற்றி மேசையில் போட்டாள். முத்து சுண்ணாம்பு உருண்டை போல இருந்தது. ஜன்னல் கம்பி இல்லை, வெளிச்சமே அதில் இல்லை. ஓரிடத்தில் தோல் அரித்துச் சொரசொரத்து, அரக்குச் சாயம் ஏறியிருந்தது.

"பூச்சு போட்ட கண்ணாடி மணியக் குடுத்து ஏமாத்தினுகீறீங்க. சாயக்காரி தானே, இவளுக்கு இன்னா தெரியும்னு."

ஏனாத்தூர்க்காரர்கள் நெக்லஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜா அம்மாள் ஸ்டூலை விட்டு எழுந்துவந்து, மெத்தை இருக்கையில் மரகதத்தை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. இவரும் உட்காரவில்லை. மோதிரத்தை எடுத்து இரண்டு கண்ணும் திறந்தபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஏகாம்பரம், உங்களுக்கு நம்பிக்கைதானே?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். கடையில் அத்தனை பேர். அந்த எடை ஞாபகம் வந்தது.

"நூத்துக்குத் தொண்ணூறு பங்கு நம்பிக்கைம்மா" என்றேன்.

"உண்டு, உண்டு" என்றார். பிறகு மரகதத்திடம் மெல்லிய குரலில் சொன்னார்: "இதை அறுத்துப் பார்த்துடலாம். உள்ள மணி இருந்தா, இங்க இருக்கிற எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லி, உங்க கைக்கு நல்ல முத்தா ரெண்டு குடுத்து அனுப்பறேன். ஆனா உங்க பொருள். அறுத்தா மறுபடி ஒட்டாது. நீங்க சொன்னாத்தான் செய்வேன்."

"உள்ள மணி இல்லன்னா?"

"இல்லன்னா நாளைக்குக் காலையில உங்க பட்டறைக்கு வருவேன். நீங்க செய்யற வேலைய எனக்குக் காட்டணும்."

மரகதம் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "அறுங்க" என்றாள்.

பின்கட்டுப் பட்டறையிலிருந்து ஆசாரி வந்தார். முத்தை மோதிரத்திலிருந்து பிரித்து, ஒரு குச்சியின் நுனியில் அரக்கை உருக்கி அதில் பதித்தார். மயிர் போன்ற கம்பி ரம்பம். துளையை நடுவாக வைத்து நேராக இழுக்கத் தொடங்கினார். அரிசி மாவு போல வெள்ளைத் தூள் உதிர்ந்தது. சூடேறக் கூடாது என்பதற்காக நடுநடுவே நிறுத்தி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே மணி இருந்தால், இந்த ஊரில் இன்னொரு கடையும் என்னை வேலைக்கு வைக்காது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு பாதியும் பிரிந்தன. சரோஜா அம்மாள் தானும் பார்க்கவில்லை, என்னிடமும் தரவில்லை. லென்ஸையும் ஒரு பாதியையும் மரகதத்தின் கையில் கொடுத்தார்.

"வெங்காயத்தை அறுத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி வளையம் வளையமா இருக்கா, இல்ல நடுவுல தனியா ஒரு குண்டு இருக்கா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மரகதம் ஜன்னலுக்குப் போனாள். லென்ஸ் பிடித்துப் பழக்கமில்லை; முதலில் தூரமாக வைத்தாள், பிறகு கண்ணோடு ஒட்டினாள்.

"வளையந்தான்" என்றாள். "உள்ள வரைக்கும் வளையந்தான். நடுவுல ஊசி மொனையாட்டம் ஒரு புள்ளி."

அந்த லென்ஸ் ஏனாத்தூர்க்காரர்களிடம் போயிற்று. ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையாட்டினார்கள். அசல் முத்து. கடையின் மானம் தப்பியது, என் வேலையும் தப்பியது. ஆனால் மரகதம் ஜன்னல் பக்கமே நின்றுகொண்டிருந்தாள். கோபம் போய், அவள் முகம் இப்போது முன்னைவிட மோசமாக இருந்தது.

"அசல்தான். அப்போ ஏன் செத்துப்போச்சு?"

சரோஜா அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

சொன்னேன். மூன்று தலைமுறைக்கு நிற்கும் என்று சொன்னேன் என்றேன். அவள் கை நிறத்தைப் பார்த்தேன், என்ன வேலை என்று தெரிந்திருந்தது, ஆனாலும் அப்படிச் சொன்னேன் என்றும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். பத்து வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அதைச் சொல்லும்போது காது இரண்டும் சுட்டது.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் நடந்தே பட்டறைக்குப் போனோம். தாழ்ந்த ஓட்டுக்கூரை, உள்ளே வரிசையாகத் தாமிர அண்டாக்கள், விறகுப் புகை. மரகதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். வெறும் வாயால் விளக்காமல் ஒவ்வொன்றையும் செய்து காட்டினாள்.

முதலில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கும் தண்ணீர். கச்சாப் பட்டின் பசை அதில் போகும். மூங்கில் கழியில் நூற்கத்தையை மாட்டி, அதைக் கையால் திருப்பித் திருப்பி முக்குவாள். பிறகு சாயத் தண்ணீர். சாயம் பிடிப்பதற்கு அதில் ஒரு கரண்டி ஆசிட். கடைசியில் இன்னொரு தொட்டி. அதிலும் லேசாக ஆசிட் கலந்த தண்ணீர். பட்டுக்கு மொறுமொறுப்பு வருவதற்கு. கையில் பிடித்து நெரித்தால் சரசரவென்று சத்தம் வருகிறதே, அந்தச் சத்தம் அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு கத்தைக்கும் அவள் கை இந்த மூன்றிலும் போய்வந்தது. ஒரு நாளைக்கு இருபது கத்தை. அந்த மோதிரம் ஆறு மாதம் இந்த மூன்றிலும் அவள் விரலோடு குளித்திருக்கிறது.

சரோஜா அம்மாள் புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்த உதவாத சின்ன முத்து ஒன்றை எடுத்தார். ஒரு கிண்ணத்தில் கடைசித் தொட்டித் தண்ணீரை மொண்டு அதில் போட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். சிறிது நேரத்தில் முத்தைச் சுற்றிக் கடுகளவுகூட இல்லாத குமிழ்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ஒன்று கிளம்பி மேலே வந்தது. பிறகு இன்னொன்று.

"கரையுது" என்றாள் மரகதம்.

"ஆமாம்மா. சிப்பியோட ஓடும் முத்தும் ஒரே பொருள்தான். புளி, எலுமிச்சை, வியர்வை எதுவுமே அதுக்கு ஆகாது. இது ஆசிட். இந்த வேலையில இருக்கிற வரைக்கும் உங்க விரல்ல முத்து நிக்காது."

"கழட்டி வெச்சிட்டு வேலை செஞ்சா?"

கேட்டது நான். மரகதம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கழட்டி எங்கபா வெக்கறது? வூட்லயா?"

வீட்டில் வைத்த நகை எதுவும் அங்கே தங்கியதில்லை. அவள் கையில் போட்டிருந்ததன் காரணமே அதுதான்.

திரும்பும் வழியில் கடை நெருங்கியபோது சரோஜா அம்மாள், "தோல் உரிக்க வருமா உங்களுக்கு?" என்றார்.

முத்தின் மேல்தோல் கெட்டுப்போனால் அதை உரித்தெடுக்கலாம். அடியில் உயிருள்ள தோல் இருந்தால் பழைய ஒளி வரும். தானாக விளைந்த முத்தில்தான் இது நடக்கும். மெட்ராசில் ஒரு கிழவர் செய்யப் பார்த்திருக்கிறேன், நான் செய்ததில்லை. "வரும்" என்றேன்.

இரண்டு பாதிகளையும் அரக்கில் பதித்து, ஜன்னலடியில் மூன்று நாள் உட்கார்ந்தேன். மெல்லிய கத்தியின் நுனியால், செத்த தோலின் விளிம்பைக் கண்டுபிடித்துத் தூக்க வேண்டும். அழுத்தினால் அடித்தோலும் சேர்ந்து பெயரும். தயங்கினால் கத்தி வழுக்கிக் கீறும். முதல் பாதி இரண்டாம் நாள் மாலைக்குள் முடிந்தது. சின்னதாகிவிட்டது, ஆனால் ஜன்னல் கம்பிகள் திரும்பி வந்தன. அன்றைக்குத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். இரண்டாவது பாதியில் அரக்குச் சாயம் ஆழமாக இறங்கியிருந்தது. மூன்று தோல் எடுத்தும், ஓர் ஓரத்தில் ரோஜா நிறமாக ஒரு நிழல் நின்றுவிட்டது. இன்னும் போனால் உடையும். நிறுத்திக்கொண்டேன்.

ஆசாரி அவற்றை வெள்ளியில் ஒரு ஜோடித் தோடாகக் கட்டினார். பின்பக்கம் திருகு. காதுக்கு ஆசிட் வராது. தேய்த்துக் குளிக்கும் சிகைக்காயும் எண்ணெயும்தான் எதிரி. கழற்றாமலே துணியால் துடைத்துக்கொள்ளலாம். சரோஜா அம்மாள் கூலி எதுவும் வாங்கவில்லை. இலவசம் என்றும் சொல்லவில்லை. மரகதத்தின் முன்னால் சின்னக் கண்ணாடியை நிறுத்தினார், அவ்வளவுதான்.

மரகதம் தோட்டைத் திருகிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அந்த நிழலைக் காட்டி, அதைப் போக்க முடியவில்லை என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும்பா. என் கை நெறந்தானே." பிறகு கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது எத்தினி வருஷம் நிக்கும்?" என்றாள்.

வாய் வரை வந்த பழைய பதிலை நிறுத்தினேன். "தெரியலம்மா. நீங்க பார்த்துக்கிறதைப் பொறுத்து. வருஷத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து காட்டுங்க."

அதற்குப் பிறகு எங்கள் கடையில் முத்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பது வழக்கமாயிற்று: போட்டுக்கொண்டு என்ன வேலை செய்வீர்கள்? பலர் முகம் சுளித்தார்கள். விலைக்குப் பணம் தருகிறோம், எங்கள் வேலை உனக்கு எதற்கு என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். இட்லிக் கடை வைத்திருந்த அம்மாவுக்கு மோதிரம் வேண்டாம், மூக்குத்தி போதும் என்றோம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வரும் நயினார் என்னும் தமிழ்ச் சமணக் குடும்பத்து அம்மையார் ஒருவர் மட்டும், "எனக்கு அந்தக் கேள்வியே வேணாம். உயிரைக் கொன்னு எடுத்தது, நான் தொடறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தங்கம் மட்டும் பார்ப்பார். சுத்தமாகப் பதில் சொன்னவர் அவர்தான்.

வியாபாரம் சற்றுக் குறைந்தது உண்மை. திரும்பிவந்து சண்டை போடுகிறவர்களும் குறைந்தார்கள்.

மறு வருடம் பங்குனியில் ஒருவர் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, சட்டைப்பையில் பேனா. சிரித்த முகம். கன்னியப்பன் என்று பெயர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஐஸ் தயாரித்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கும் தொழில் தொடங்கப் போகிறாராம். அதில் என்ன லாபம், எந்தெந்த மண்டபத்தில் பேசி வைத்திருக்கிறார் என்றெல்லாம் சொன்னார். கேட்கும்போது எனக்கே அதில் சேரலாம் போலத்தான் இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு தோடு. ஓரத்தில் ரோஜா நிழல் இருந்ததுதான்.

"சேட்டு முத்தை எடுக்க மாட்டாரு, எனக்குத் தெரியும். ஆனா இது அசலுன்னு நீங்களே அத்தினி பேரு முன்னாடி அறுத்துக் காட்டினீங்களாமே. ஊரே சொல்லுது. அதான் உங்ககிட்டயே வந்தேன். ஜோடியும் கொண்டாறேன். நீங்க எடுத்துக்கினா போதும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பத்துப் பேர் முன்னால் அசல் என்று நிரூபித்தது நாங்கள்தான். அவளுடைய முத்துக்கு விலை உண்டு என்பதை ஊருக்குச் சொன்னதும் நாங்கள்தான். நான் தோட்டைக் கையில் எடுத்தேன். சில்லென்று இருந்தது. பின்னால் சரோஜா அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்; பேனா நின்றது தெரிந்தது. ஆனால் அவர் எழுந்து வரவில்லை.

"அசல்தாங்க" என்றேன். "ஆனா அறுத்துட்டோம். தோலும் உரிச்சாச்சு, சாயமும் ஏறியிருக்குது. அறுத்து உரிச்ச முத்தை வியாபாரத்துல யாரும் எடுக்க மாட்டாங்க. எங்க கடையிலயும் எடுக்க மாட்டோம்."

"மெட்ராஸ்ல?"

"அங்கயும்தான். வெள்ளிக்கு எடை போட்டுக் குடுப்பாங்க. உங்க பஸ் செலவுக்கு வராது."

அது உண்மை. எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் தோள் கொஞ்சம் இறங்கிற்று.

"அறுக்காம இருந்திருந்தா?"

"அறுக்காம, கெடாம இருந்திருந்தா நாங்களே எடுத்துக்குவோம்."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். படியிறங்கும்போது திரும்பி, "அவகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்றார். நான் தலையாட்டினேன்.

நான்கு நாள் கழித்து மரகதம் வந்தாள். இரண்டு காதிலும் தோடு இருந்தது. ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"திருகு ஆடுதுபா. நான் தூங்கறப்போ யாரோ அவசரத்துல கழட்டி அவசரத்துல போட்டாப்ல இருக்குது."

நான் இடுக்கியை எடுத்தேன்.

"இன்னா சொன்ன அவருகிட்ட?"

தலை நிமிர்ந்தேன். அவள் கோபமாக இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்றபோது மறைக்க என்ன இருக்கிறது?

"விலை இல்லன்னு சொன்னேம்மா. அறுத்த முத்தை யாரும் எடுக்க மாட்டாங்கன்னு."

"சும்மா சொன்னியா, நெசமாவே இல்லியா?"

"நிஜமாவே இல்ல."

"எந்தக் கடையிலயும்?"

"எந்தக் கடையிலயும் இல்லம்மா."

அந்தக் கடையில் நான் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன். உங்கள் நகைக்கு விலை இல்லை என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் முகம் மலர்ந்ததை அந்த ஒரு முறைதான் பார்த்தேன். மரகதம் அரக்கு நிறக் கையால் முன்தலையை ஒதுக்கிக்கொண்டு, மெத்தை போட்ட இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படின்னா நல்லா இறுக்கிக் குடுபா" என்றாள்.